கார்புரேட்டரில் கைவைக்க முன்

அப்பாவின் மொரிஸ் மைனர் ஒரு வைகாசி மாதம் முழுக்க எங்களை ஒரே இடத்தில் இறக்கிவிட்டது. திருகோணமலையில் இருந்து கந்தளாய்ப் பக்கம் புறப்பட்டால் முதல் அரை மணி நேரம் ஒரு குறையும் இருக்காது. தம்பலகாமம் சந்தியை நெருங்கும்போது கார் திக்கத் தொடங்கும், இரண்டு தடவை தும்மும், நின்றுவிடும். கச்சான் காற்று அனலாக அடிக்கும் வெயிலில் மரநிழல் பார்த்துக் கால் மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஓடும். பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்: "காபரேட்டர் வேலை." மூன்று தடவை கழற்றிக் கழுவிப் பூட்டினார்கள். மூன்று தடவையும் அதே சந்தியில் நின்றோம்.

கோளாறு கார்புரேட்டரில் இருக்கவே இல்லை. எங்கே இருந்தது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அது விளங்க வேண்டுமென்றால் கார்புரேட்டர் என்ன செய்கிறது என்பது முதலில் தெரிய வேண்டும். பழைய கார் வைத்திருப்பவர்கள் மத்தியில் இந்தப் பெயரைப்போல் தாராளமாகப் புழங்கும் பெயர் வேறு இல்லை. ஸ்டார்ட் எடுக்காவிட்டாலும் அதுதான், புகைத்தாலும் அதுதான், பெற்றோல் கூடக் குடித்தாலும் அதுதான். இப்படிப் பொத்தாம்பொதுவாகப் பழி சொல்லிச் சொல்லியே நல்ல நிலையில் இருந்த எத்தனையோ கார்புரேட்டர்கள் தேவையில்லாமல் கழற்றப்பட்டு, திருகு மரை தேய்ந்து, உண்மையிலேயே பழுதாகிவிட்டன. அந்த மனவருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். காரின் முன்மூடியைத் திறந்தே பார்க்காதவரும் பின்தொடரக்கூடியதாகச் சொல்லப் பார்க்கிறேன்.

ஆவிதான் எரிகிறது

சமையலறையில் தொடங்குவோம். மண்ணெண்ணெய்ப் பம்ப் அடுப்பு பாவித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். தலையைச் சூடாக்காமல் அவசரப்பட்டால் மஞ்சள் தீ எழும்பிக் கரும்புகை கக்கும். தலை சூடாகி, எண்ணெய் ஆவியாக வெளிவரத் தொடங்கிய பிறகுதான் நீலத் தீ நிதானமாக நிற்கும். எரிவது திரவத்தில் இருந்து எழும் ஆவி. அதுவும் காற்றோடு சரியாகக் கலந்தால்தான் ஒழுங்காக எரியும்.

பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே தாராளமாக ஆவியாகும். பூச்சியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலும் அதன் ஆவியில் தீப்பற்றும். மண்ணெண்ணெய்க்கு 38 பாகையாவது வேண்டும். இந்த வித்தியாசத்தை 1990களில் பொருளாதாரத் தடைக்குள் வாழ்ந்தவர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் கிளம்பாது. அதனால் எங்கிருந்தோ தேடிய கொஞ்சப் பெற்றோலை விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடேறிய பிறகு, அந்தச் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். கார்புரேட்டரின் முதல் வேலையும் அதுதான்: திரவத்தை உடைத்து, ஆவியாகக்கூடிய மெல்லிய தூவலாக்கிக் காற்றோடு சேர்ப்பது.

ஒரு லீற்றருக்கு ஒன்பது தாங்கி காற்று

இரண்டாவது வேலை அளவு பார்ப்பது. ஒரு கிலோ பெற்றோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். நிறையில் சொன்னால் மனதில் நிற்காது, கனவளவில் பார்ப்போம். ஒரு லீற்றர் பெற்றோலுக்குக் கிட்டத்தட்ட 9,000 லீற்றர் காற்று. வீட்டு மொட்டைமாடியில் வைக்கும் 1,000 லீற்றர் கறுப்புத் தண்ணீர்த் தாங்கி ஒன்பதை வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு காற்றுக்குள் ஒரு லீற்றர் பெற்றோலைச் சமமாகப் பரத்த வேண்டும்.

இந்த அளவைவிடப் பெற்றோல் கூடியிருந்தால் அதைச் செறிவான கலவை என்போம், குறைந்திருந்தால் ஐதான கலவை. தேங்காய் பிழிந்த முதற்பாலும் கப்பிப்பாலும்போல. எஞ்சினுக்கு எல்லா நேரமும் ஒரே பால் சரிவராது. குளிர்ந்திருக்கும்போது கொஞ்சம் செறிவாக வேண்டும், ஏனென்றால் பெற்றோலில் ஒரு பங்கு ஆவியாகாமல் குளிர்ந்த குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாரம் ஏற்றி மேடு ஏறும்போதும் கொஞ்சம் செறிவு வேண்டும். நிலாவெளி வீதியில் ஒரே வேகத்தில் போகும்போது சற்று ஐதாக இருந்தாலும் போதும். கணினியோ மின்சாரமோ இல்லாமல் இதையெல்லாம் ஒரு உலோகப் பெட்டி செய்கிறது. எத்தனை தடவை திறந்து பார்த்தாலும் எனக்கு இது ஆச்சரியம்தான்.

பெற்றோலை யாரும் தள்ளுவதில்லை

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கார்புரேட்டர் எஞ்சினுக்குள் பெற்றோலை அடிக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எஞ்சினை ஓட்டுமளவுக்கு அப்படி அடிக்கும் சக்தி எதுவும் அதற்குள் இல்லை. எஞ்சினுக்குள் பிஸ்டன் கீழே இறங்கும்போது மேலே வெற்றிடம்போல் ஒரு குறைந்த அமுக்கம் உண்டாகிறது. அந்த இடத்தை நிரப்ப வெளிக்காற்று விரைந்து வருகிறது. இளநீரில் குழாயை வைத்து நாம் உறிஞ்சுவதும் இதே கணக்குத்தான். மூச்சு இழுப்பது எஞ்சின். அந்த மூச்சு போகும் தொண்டையில்தான் கார்புரேட்டர் இருக்கிறது.

தொண்டையின் நடுப்பகுதி ஒடுங்கியிருக்கும். 1746 முதல் 1822 வரை வாழ்ந்த இத்தாலிய இயற்பியலாளரின் பெயரால் அந்த ஒடுக்கத்தை வெஞ்சுரி என்பார்கள். கச்சான் நாளில் வெளியான இடத்தில் நிற்பதற்கும், இரண்டு மதிலுக்கு நடுவே ஒடுங்கிய ஒழுங்கையில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை உடம்பே சொல்லும். ஒழுங்கைக்குள் காற்று சீறிக்கொண்டு போகும். காற்று வேகம் கூடும் இடத்தில் அதன் அமுக்கம் குறையும். அமுக்கம் குறைந்த அந்த இடத்தில் ஒரு சிறு குழாயின் வாய் திறந்திருந்தால், குழாயின் மறுமுனையில் உள்ள திரவம் மேலேறி வரும்.

முன்பு நுளம்புக்கு மருந்தடிக்கும் கைப்பம்ப் வீட்டுக்கு வீடு இருந்தது. பிடியைத் தள்ளினால் காற்று மட்டும்தான் வரும். அந்தக் காற்று, மருந்துக்குள் இறங்கியிருக்கும் மெல்லிய குழாயின் வாய்க்கு மேலாகப் பாயும்போது மருந்து தானாக ஏறி, பனிப்புகார்போலத் தூவும். கார்புரேட்டர் என்பது அந்த நுளம்புப் பம்ப்தான். கைக்குப் பதிலாக எஞ்சின் காற்றை இழுக்கிறது. மருந்து ஏறும் குழாயின் இடத்தில் ஜெற் இருக்கிறது. ஜெற் என்றால் அளவாகத் துளையிட்ட ஒரு சிறு பித்தளைத் துண்டு. எவ்வளவு பெற்றோல் ஏறலாம் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கும்.

இதிலிருந்து இன்னொரு விடயமும் தெளியும். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது நீங்கள் பெற்றோலைத் திறந்துவிடுவதில்லை. தொண்டையில் இருக்கும் ஒரு தகட்டுக் கதவைத் திறந்து காற்றை விடுகிறீர்கள். காற்று கூடப் போவதால் பெற்றோலும் கூட ஏறுகிறது. காற்று முன்னே போகும், பெற்றோல் அதன் பின்னாலே போகும். இதை மனதில் வைத்தால் கோளாறு தேடுவதில் பாதி வேலை முடிந்தது.

மொரிஸ் மைனரில் உள்ள எஸ்.யூ. வகைக் கார்புரேட்டரில் ஒரு விசேஷம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கின்னர் சகோதரர்கள் உருவாக்கிய வகை அது. அதில் ஒடுக்கம் ஒரே அளவில் நிற்பதில்லை. காற்று கூடும்போது உள்ளே ஒரு சிறு உருளை மேலே எழும்பித் தொண்டையை அகலமாக்கும். உருளையின் அடியில் உள்ள கூரான ஊசியும் கூடவே எழும்புவதால் ஜெற்றின் துளை பெரிதாகும். வொக்ஸ்வாகன் பீட்டிலில் வரும் சொலெக்ஸ் போன்றவற்றில் ஒடுக்கம் மாறாது. பதிலாக வெவ்வேறு ஓட்டத்துக்கு வெவ்வேறு ஜெற்கள் இருக்கும், மெதுவாக நின்று ஓடுவதற்கென்றே மிகச் சிறிய ஒன்று உட்பட. கோளாறு தேடும்போது இந்த வித்தியாசம் உதவும்.

சீனக்குடாத் தாங்கியும் மிதவை அறையும்

சீனக்குடாவில் பிரித்தானியர் கப்பல்களுக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளைப் பார்க்காத திருகோணமலைக்காரர் குறைவு. இன்று 99 தாங்கிகள் நிற்கின்றன, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு சொல்கிறேன்: ஒரு கார்புரேட்டர் தன் கையில் வைத்திருக்கும் பெற்றோல் ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். அதை வைத்திருக்கும் சிறு கிண்ணத்துக்கு மிதவை அறை என்று பெயர்.

வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குள் மிதக்கும் பந்து நினைவிருக்கிறதா? தண்ணீர் நிறைந்தால் பந்து உயர்ந்து குழாயை அடைக்கும், குறைந்தால் இறங்கித் திறக்கும். மிதவை அறையிலும் அதே ஏற்பாடு. பந்துக்குப் பதில் பித்தளை அல்லது பிளாஸ்டிக் மிதவை, குழாய்ப் பூட்டுக்குப் பதில் ஒரு ஊசி. அறையில் பெற்றோலின் மட்டம் எப்போதும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். மட்டம் ஏறினால் கலவை செறிவாகும், இறங்கினால் ஐதாகும். ஊசியில் ஒரு தூசி அகப்பட்டால் பெற்றோல் நிற்காமல் வழிந்து வெளியே சொட்டும். வீட்டுத் தாங்கி நிரம்பி முற்றத்தில் ஊற்றுவதுபோல. ஆனால் இங்கே ஊற்றுவது சூடான எஞ்சினின் மேல் பெற்றோல் என்பதால், அந்த வாசனை வந்த உடனே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சோக் எனப்படும் இழுபிடி பற்றி ஒரு வார்த்தை. குளிர்ந்த எஞ்சினுக்குச் செறிவான கலவை வேண்டும் என்றேன். பெரும்பாலான கார்புரேட்டர்களில் சோக்கை இழுத்தால் காற்று வரும் வாய் பாதி மூடப்படும். எஞ்சினின் உறிஞ்சல் முழுவதும் ஜெற்றின்மேல் விழ, பெற்றோல் கூட ஏறும். எஸ்.யூ.வில் காற்றை மூடாமல் ஜெற்றையே கீழே இறக்கித் துளையைப் பெரிதாக்குகிறார்கள். வழி வேறு, பலன் ஒன்று.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எஞ்சின் காற்றை இழுக்கிறது, காற்று ஒடுக்கத்தில் விரைகிறது, அங்கே அமுக்கம் குறைகிறது, மிதவை அறையில் காத்திருக்கும் பெற்றோல் ஜெற் வழியாக ஏறித் தூவலாகிறது. இந்தச் சங்கிலியில் எங்கே அறுந்தாலும் கார் நிற்கும். கார்புரேட்டர் அதில் ஒரு கண்ணி மட்டுமே.

கூடினால் கரி, குறைந்தால் தும்மல்

கலவை செறிவாகிவிட்டால் சைலன்சரில் கரும்புகை வரும், பெற்றோல் வாசம் அடிக்கும், எஞ்சின் கனத்துக் கனத்து ஓடும். நீலப்புகை வந்தால் அது எண்ணெய் எரிவது, அதற்கும் கார்புரேட்டருக்கும் தொடர்பு இல்லை. கலவை ஐதானால் மிதிக்கும்போது தயங்கும், கார்புரேட்டரின் வாய்ப்பக்கமே பட்டென்று தும்மும், எஞ்சின் வழமைக்கு மேலாகச் சூடாகும், சூடேறிய பிறகும் சோக்கை உள்ளே தள்ள விடாது.

சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம், காசு செலவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு, ஓடும்போதே சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஓட்டம் திருந்தினால் எங்கோ பெற்றோல் குறைகிறது, அல்லது கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. ஓட்டம் மோசமானால் கலவை ஐதாக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்த சாட்சி, எஞ்சினுக்குள் தீப்பொறி போடும் பிளக். கொஞ்சத் தூரம் ஓடி நிறுத்தி, சூடு ஆறிய பின் கழற்றிப் பாருங்கள். நுனி பால்தேநீர் நிறத்தில் இருந்தால் நல்லது. காய்ந்த கரி படிந்திருந்தால் செறிவு. வெளிறி வெள்ளையாக இருந்தால் ஐது. பெற்றோலில் நனைந்திருந்தால் எஞ்சினுக்குள் பெற்றோல் தேங்கிவிட்டது, அல்லது அந்தப் பிளக் தீப்பொறி தரவில்லை. நாலு பிளக்கில் ஒன்று மட்டும் வேறு நிறமாக இருந்தால் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டுவிடலாம். ஒரே கார்புரேட்டர் நாலு சிலிண்டருக்கும் கொடுக்கும்போது ஒன்றுக்கு மட்டும் ஓரவஞ்சனை செய்வதற்கு வழி குறைவு.

முதலில் பொறி, பிறகு பெற்றோல்

நானாக இருந்தால் எந்தப் பழைய காரிலும் முதலில் மின்சாரப் பக்கத்தைப் பார்ப்பேன். கார்புரேட்டர் கோளாறு என்று கராஜுக்கு வருவதில் பெரும்பங்கு உண்மையில் தீப்பொறிக் கோளாறு என்று அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். என் அனுபவமும் அதுதான். கார் எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சுவிட்சை அணைத்ததுபோல் சட்டென்று நின்றால் பொறிப் பக்கம். திக்கித் திணறி, மூச்சு வாங்கி, மெல்ல மெல்ல அடங்கினால் பெற்றோல் பக்கம். இதற்கு ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். கொன்டென்சர் எனப்படும் சிறு மின்சார உருளை, சூடேறியதும் பலவீனமாகி, ஆறியதும் பழையபடி வேலை செய்யும். பார்ப்பதற்கு அப்படியே பெற்றோல் கோளாறுபோல இருக்கும். விலை குறைந்த சாமான்தான், மேலதிகமாக ஒன்று காரில் கிடந்தால் நல்லது.

பொறி சரி என்றால் பெற்றோல் வரும் வழியைப் பின்பக்கம் இருந்து நடந்து பாருங்கள்: தாங்கி, குழாய், பம்ப், வடிகட்டி, மிதவை அறை. மொரிஸ் மைனரில் எஞ்சின் அறையின் பின்சுவரில் ஒரு மின்சாரப் பம்ப் இருக்கும். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று வேகமாக அடித்து, மிதவை அறை நிறைந்ததும் வேகம் குறைந்து நின்றுவிடும். இந்தச் சத்தம் ஒரு நாடித்துடிப்பு. அடிக்கவே இல்லை என்றால் பம்புக்குள் இருக்கும் மின்தொடுப்பு கரி பிடித்திருக்கலாம். சுத்தியல் பிடியால் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினால் பல தடவை வீடு வந்து சேரலாம். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கி காலி, அல்லது குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது மிதவை அறை வழிகிறது. பீட்டில் போன்ற கார்களில் எஞ்சினே ஓட்டும் பம்ப் இருக்கும், அது பேசாது. கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு கண்ணாடிப் போத்தலுக்குள் பிடித்து, எஞ்சினைச் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

சரி, தம்பலகாமம் சந்திக்கு வருவோம். நாலாவது தடவை நின்றபோது, வழியில் நிறுத்திய ஒரு வயதான வாடகைக்கார் ஓட்டுநர் எதையும் கழற்றவில்லை. காரைச் சுற்றி வந்து, "தம்பி, பெற்றோல் தாங்கி மூடியைத் திறவுங்கோ" என்றார். திறந்தேன். ஸ்ஸ்... என்று காற்று உள்ளே பாய்ந்தது. "இப்ப ஸ்டார்ட் பண்ணுங்கோ." கால் மணி நேரம் காத்திருக்காமலே எஞ்சின் பிடித்தது.

தாங்கியில் இருந்து பெற்றோல் வெளியே போகப் போக, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பல பழைய கார்களில் அதற்காக மூடியிலேயே ஒரு சிறு துளை இருக்கும். பழைய மூடி தொலைந்து நாங்கள் வாங்கிப்போட்ட புது மூடியில் துளை இல்லை. அரை மணி நேரத்தில் தாங்கிக்குள் அமுக்கம் குறைந்து, பம்ப் முன்னுக்கு இழுக்க, தாங்கி பின்னுக்கு இழுத்தது. நாங்கள் நிழலில் நின்ற கால் மணி நேரத்தில் மூடியின் ஓரத்தால் காற்றுக் கசிந்து உள்ளே போனது. அதைத்தான் எஞ்சின் ஆறியதால் சரியானது என்று எல்லோரும் நினைத்தோம். பாற்பேணியில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் பால் வராது, எதிர்ப்பக்கம் இரண்டாவது ஓட்டையும் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காரில் மட்டும் அது யாருக்கும் தோன்றவில்லை.

பெற்றோல் வழியில் இன்னொரு திருடன், கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள கஸ்கெட் என்ற மெல்லிய அடைப்புத்தாள். அது பிளந்தால் கார்புரேட்டருக்குத் தெரியாமல் காற்று உள்ளே போகும். காற்றின் பின்னால்தானே பெற்றோல் போகும்? இந்தத் திருட்டுக் காற்று ஒடுக்கத்தைக் கடக்காததால் அதன் பின்னால் ஒரு சொட்டும் போகாது, கலவை ஐதாகும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்த இணைப்பைச் சுற்றித் தண்ணீரை மென்மையாகத் தெளியுங்கள், மின்கம்பிகளில் படாமல். ஓட்டத்தின் சத்தம் மாறினால் கசிவு அங்கே. இந்தச் சோதனையைப் பெற்றோல் தெளித்துச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

இந்த இடம் வரை: நின்ற விதத்தைக் கவனி, பொறியைப் பார், தாங்கி மூடியில் இருந்து மிதவை அறை வரை பெற்றோலைப் பின்தொடர், காற்றுக் கசிவைத் தேடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது குணமாக்கியது என்பது தெரியாமலே போய்விடும்.

எங்கள் ஊர் வெக்கையும் உப்புக்காற்றும்

மேற்சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். திருகோணமலைக்கென்று சில தொல்லைகள் உண்டு.

முதலாவது வெக்கை. பெற்றோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்கும் திரவம் இல்லை, பல பொருட்களின் கலவை. அதில் இலகுவான பங்கு 40 பாகைக்குக் கிட்டவே கொதிக்கத் தொடங்கிவிடும். கச்சான் காலத்தில் கடை வாசலில் பத்து நிமிடம் நிறுத்தினால், காற்றோட்டம் இல்லாமல் எஞ்சின் அறை அதைவிட எவ்வளவோ கூடுதலாக வேகும். குழாய்க்குள் பெற்றோல் குமிழி குமிழியாக ஆவியானால் பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், திரவம் வராது. இதற்கு ஆவியடைப்பு என்று பெயர். குழாயிலும் பம்பிலும் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருப்பது பழைய ஓட்டுநர்களின் வைத்தியம், நன்றாகவே வேலை செய்யும். நிரந்தரமாக வேண்டுமென்றால் சூடான சைலன்சர்க் குழாயில் இருந்து பெற்றோல் குழாயைத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். சிலவேளை நேர்மாறாக, மிதவை அறையில் கொதித்த பெற்றோல் எஞ்சினுக்குள் வழிந்து தேங்கிவிடும். அப்போது சோக்கைத் தொடாமல், ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காற்று நிறையப் போய்த் தேங்கியதை உலர்த்தும்.

இரண்டாவது தண்ணீர். கடலோரக் காற்றில் ஈரம் எப்போதும் உண்டு, மாரியில் கேட்கவே வேண்டாம். பாதி காலியான தாங்கி இரவில் குளிர்ந்து ஈரக்காற்றை உறிஞ்சும், அது உள்ளே வியர்க்கும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமானதால் அடியில் போய்த் தங்கி, தகட்டைத் துருப்பிடிக்க வைத்து, துருவையும் தன்னையும் கார்புரேட்டருக்கு அனுப்பும். மிதவை அறைப் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் உருண்டை உருண்டையாகத் தனியே தெரியும். ஓட்டாமல் நிறுத்தும் காரில் தாங்கியை நிரப்பி வைப்பது நல்லது என்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது பழைய பெற்றோல். 2022இல் வரிசைகளில் நின்று சேர்த்த பெற்றோலைக் கலன்களில் வைத்திருந்து மாதக்கணக்கில் கழித்துப் பாவித்தவர்கள் அதன் பலனைக் கண்டார்கள். இலகுவான பங்கு பறந்துவிடும். மிஞ்சியது காற்றோடு சேர்ந்து பிசினாகும். மணந்து பார்த்தால் பெற்றோலின் கூர்மை இருக்காது, பழைய வார்னிஷ் வாசம் வரும். அந்தப் பிசின் முதலில் அடைப்பது மிகச் சிறிய துளையைத்தான். சொலெக்ஸ் வகையில் கார் ஓடும்போது நன்றாக ஓடி, சந்தியில் நின்றால் மட்டும் அணைந்துபோனால், மெல்லோட்ட ஜெற்றைச் சந்தேகியுங்கள்.

பெற்றோல் செட்டில் 95 ஒக்டேன் அடித்தால் எல்லாம் சரியாகும் என்பதும் ஒரு தப்பான நம்பிக்கை. ஒக்டேன் எண் என்பது அமுக்கும்போது தானாக வெடிக்காமல் தாங்கும் திறனின் அளவு. 92க்குப் பதில் 95 அடிப்பதால் அது கழுவும் மருந்து ஆகாது, அடைபட்ட ஜெற்றைத் திறக்காது. ஈயம் நீக்கிய பெற்றோல் கார்புரேட்டரைக் கெடுக்கும் என்பதும் அப்படித்தான். ஈயம் இல்லாததால் வரக்கூடிய தேய்மானம் எஞ்சினின் வால்வு இருக்கைகளில். கார்புரேட்டருக்கு அதனால் ஒன்றும் இல்லை.

கழற்றத்தான் வேண்டும் என்றால்

எல்லாம் பார்த்தும் மிதவை அறை வழிகிறது, அல்லது ஜெற் அடைபட்டது உறுதி என்றால், கழற்றுங்கள். பற்றரி வயரை முதலில் எடுத்துவிடுங்கள். வெளியான இடத்தில் செய்யுங்கள். பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, கராஜ் தரையில் படர்ந்து தூரத்தில் இருக்கும் விளக்கையும் தேடிப் போகும். ஒருவர் கார்புரேட்டர் வாய்க்குள் பெற்றோல் ஊற்ற இன்னொருவர் ஸ்டார்ட் செய்யும் பழக்கத்தில், எஞ்சின் ஒரு தடவை பின்பக்கம் தும்மினால் முகம் எரியும்.

ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஜெற்றின் துளையைக் கம்பியால் குத்த வேண்டாம். பித்தளை மென்மையானது, தலைமுடி அளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும். கழுவும் திரவத்தில் ஊறவிட்டுக் காற்றடித்தால் போதும். பித்தளை மிதவையைக் காதோரம் குலுக்குங்கள். உள்ளே பெற்றோல் குலுங்கினால் ஓட்டை. ஓட்டை எங்கே என்று தெரியாவிட்டால், நெருப்புக்குத் தூரமாக, வெந்நீரில் அமிழ்த்துங்கள், குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும்.

எஸ்.யூ. என்றால் உருளையை விரலால் உயர்த்தி விடுங்கள். டொக் என்று அடியில் விழ வேண்டும். இடையில் தங்கினால் அழுக்கு, அல்லது ஊசி ஜெற்றின் நடுவில் இல்லை. உருளையையும் அதன் உறையையும் துணியால் துடைக்கலாம், மண்தாள் மட்டும் வேண்டாம், அவை ஒன்றுக்கொன்று அளவெடுத்துச் செய்தவை. பூட்டி எஞ்சின் சூடான பிறகு, கார்புரேட்டர் உடலின் அடியில் வெளியே நீட்டியிருக்கும் சிறு தூக்கும் முளையால் உருளையை ஒரு மில்லிமீற்றர் அளவு உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை செறிவு. உடனே தடுமாறி அணையப் பார்த்தால் ஐது. ஒரு கணம் கூடித் தன் நிலைக்குத் திரும்பினால் சரியான கலவை. திருத்தும் நட்டுக்கு ஆறு பக்கம் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு பக்கம் மட்டும் திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு முன்னால், பூட்டி முடித்த கையோடு ஒன்று செய்ய வேண்டும். பற்றரி வயரைக் கொழுவி, சாவியைத் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் காத்திருங்கள். டிக் டிக் வேகமாகத் தொடங்கி, குறைந்து, நிற்கும். நின்றதும் இறங்கி வந்து மிதவை அறையைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். விரல் காய்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யலாம்.